ஹிஜாபோடு ஆடும் மெகாவதியும் உரிமை கொண்டாடும் நாமும்

2025 மார்ச் 31, திங்கட்கிழமை. இந்தோனேசியாவில் அன்று நோன்புப் பெருநாள். ஊரெங்கும் தக்பீர் முழங்கி, பிள்ளைகள் பெற்றோரின் கையைப் பற்றி மன்னிப்புக் கேட்டு, உறவினர் வீடுகளுக்குப் படையெடுக்கும் நாள். கிழக்கு ஜாவாவின் ஜெம்பர் என்ற ஊரைச் சேர்ந்த 25 வயதுப் பெண் ஒருவருக்கு மட்டும் அந்தப் பெருநாள் வேறு விதமாக அமைந்தது. தென் கொரியாவின் இஞ்சோன் நகர உள்ளரங்கில், அந்நாட்டு மகளிர் வாலிபால் லீக்கின் இறுதிச்சுற்று முதல் ஆட்டத்தில் அவர் ஆடிக்கொண்டிருந்தார். தலையில் ஹிஜாப், முழுக்கைச் சட்டை, காலை முழுதும் மறைக்கும் உடை. அவரது அணி அன்று 0-3 என்று தோற்றது.

அவர் பெயர் மெகாவதி ஹங்கெஸ்த்ரி பெர்திவி. இந்தோனேசியாவின் முன்னாள் அதிபர் மெகாவதி சுகர்ணோபுத்ரியை நினைவுபடுத்தும் பெயர். அவருக்கும் இவருக்கும் உறவில்லை. ரசிகர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘மெகாட்ரான்’. கொரிய லீக்கில் ஹிஜாப் அணிந்து ஆடிய முதல் வீராங்கனை என்று உலகச் செய்தி நிறுவனங்கள் அவரைப் பற்றி எழுதின. அவர் பந்தை அடித்து இறக்கும் காணொலித் துண்டுகள் நமது வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றின. இரண்டு வகையான குறிப்புகளோடு அவை வந்தன. ஒன்று, ‘ஹிஜாப் தடையல்ல என்று உலகுக்கு நிரூபித்த சகோதரி, மாஷா அல்லாஹ்’ என்பது. மற்றொன்று, ‘அந்நிய ஆண்கள் பார்க்கத் துள்ளிக் குதிப்பதற்கு ஹிஜாப் ஒரு கேடா?’ என்பது.

இரண்டாவது கேள்வியை நாம் தட்டிக் கழிக்கப் போவதில்லை. பின்னால் அதற்கு வருவோம். ஆனால் இரண்டு தரப்பாரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் என்ன வேலை செய்கிறார், அதை எப்படிச் செய்கிறார், அந்த வாய்ப்பு அவருக்கு எந்த வழியாகக் கிடைத்தது என்று இருவருமே கேட்பதில்லை. இருவரின் கண்ணும் தலைத்துணியிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே முதலில் அவரது ஆட்டத்தைப் பார்ப்போம்.

மெகாவதி 1999 செப்டம்பரில் பிறந்தவர். உயரம் 185 செ.மீ.; நமது கணக்கில் ஆறடிக்கு மேல். அவர் ஆடும் இடத்துக்கு ‘ஆப்போசிட்’ என்று பெயர். வாலிபால் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறோம்: அணியில் ஆறு பேர் ஆடினாலும் எல்லோருக்கும் ஒரே வேலையில்லை. எதிரணியின் சர்வீஸை வாங்கிக் கொடுப்பவர்கள் சிலர். பந்தை ஏற்றிக் கொடுக்கும் செட்டர் ஒருவர். செட்டருக்கு நேர் மூலையில் நின்று, சர்வீஸ் வாங்கும் சுமை இல்லாமல், முன்வரிசையிலும் பின்வரிசையிலும் இருந்து எகிறி அடிப்பவர்தான் ஆப்போசிட். எடுப்பு சரியாக அமையாமல் பந்து எங்கேயோ போய்விட்டால், கடைசியில் அது இவருக்குத்தான் வரும். எதிரே இரண்டு பேர், சில வேளை மூன்று பேர் கைகளை உயர்த்திச் சுவர் எழுப்பி நிற்பார்கள். அந்தச் சுவரை மீறி அடித்தாக வேண்டும். பெரும்பாலான தொழில்முறை லீக்குகளில் பெரும் விலை கொடுத்து வெளிநாட்டவரை இந்த இடத்துக்குத்தான் வாங்குகிறார்கள்.

தன் நாட்டில் சுரபாயா, ஜகார்த்தா அணிகளுக்கு ஆடி, இடையில் தாய்லாந்திலும் வியட்நாமிலும் ஆடிய மெகாவதிக்குக் கொரியக் கதவு திறந்தது 2023-ல். அதுவரை கொரிய மகளிர் லீக்கில் ஓர் அணிக்கு ஒரு வெளிநாட்டு வீராங்கனைதான். அந்த இடம் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. 2023-24 பருவத்திலிருந்து, அதற்கு மேல் ஆசிய நாடுகளிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்ளலாம் என்று கொரிய வாலிபால் கூட்டமைப்பு விதி கொண்டுவந்தது. ஆசிய ஒதுக்கீடு என்று அதற்குப் பெயர். ஏழு அணிகள், ஏழு இடங்கள். அந்த ஏழில் ஒன்றுக்கு, தேஜோன் நகரின் ரெட் ஸ்பார்க்ஸ் அணி மெகாவதியைத் தேர்ந்தெடுத்தது. முதல் ஆண்டு ஊதியம் ஒரு லட்சம் அமெரிக்க டாலர்.

இந்த ‘ஒதுக்கீடு’ என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கொரியர்கள் திடீரென்று பன்மைப் பண்பாட்டின் மேல் காதல் கொண்டு ஒரு ஹிஜாப் பெண்ணை அழைக்கவில்லை. உள்நாட்டு வீராங்கனைகள் எண்ணிக்கையில் குறைந்து ஊதியத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தேசிய அணியின் தரம் இறங்கிக்கொண்டிருந்தது. தென்கிழக்கு ஆசியாவில் தொலைக்காட்சிச் சந்தை ஒன்று காத்திருந்தது. வணிகக் கணக்கில் எழுதப்பட்ட ஒரு விதி. தலையில் துணி கட்டியிருப்பவர் வரக்கூடாது என்ற வரி அந்த விதியில் இல்லை, அவ்வளவுதான். ஒரு முஸ்லிம் பெண்ணின் திறமைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வந்த முதல் சுற்றிலேயே சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். அந்தப் பருவத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஏழு ஆண்டுகளாக பிளேஆஃப் வாசலை மிதிக்காத அணி அந்த ஆண்டு உள்ளே போனது. 2024 ஏப்ரல் 20 அன்று அணி முழுவதும் ஜகார்த்தாவுக்குப் பறந்து, இந்தோனேசிய நட்சத்திர அணியோடு நட்பு ஆட்டம் ஆடியது. கொரிய உள்ளூர் லீக் அணி ஒன்றுக்கு அயல்நாட்டுப் பெரிய அரங்கில் அப்படி ஒரு கூட்டம் கூடியது அவர்களுக்கே புதுமையாக இருந்திருக்கும்.

இரண்டாம் பருவத்தில் ஒரு சிக்கல். அணி எடுத்த புதிய வெளிநாட்டு வீராங்கனை, செர்பியாவின் வான்யா புக்கிலிச், அவரும் ஆப்போசிட். ஓர் உறையில் இரண்டு வாள். பயிற்சியாளர் கோ ஹீ-ஜின் யாரை நகர்த்தினார்? ஐரோப்பியரைத்தான். புக்கிலிச் இடப்பக்கம் போய், அதுவரை பழகாத சர்வீஸ் வாங்கும் வேலையையும் ஏற்றுக்கொண்டார். மெகாவதியின் இடம் மெகாவதிக்கே இருந்தது. அவரது ஆட்டத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்று இல்லை என்று நாம் கருதுகிறோம். பத்திரிகைப் புகழ்ச்சி வரும் போகும். தன் வேலையே போகக்கூடிய ஒரு பயிற்சியாளர், தலையைத் துணி மறைக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், யார் அடித்தால் பந்து தரையில் விழும் என்று மட்டும் பார்த்து எடுத்த முடிவு அது. அந்தப் பருவத்தில் அணி தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்றது. மெகாவதி எண்ணூறுக்கும் மேற்பட்ட புள்ளிகள் எடுத்தார். அடித்த பந்துகளில் புள்ளியானவற்றின் விகிதத்தில் லீக்கிலேயே முதலிடம். வெளிநாட்டு ஒதுக்கீட்டில் அவரைவிடக் கூடுதல் சம்பளத்துக்கு வந்தவர்களையும் சேர்த்துத்தான் இந்த முதலிடம்.

இறுதிச்சுற்றில் எதிரே நின்றவர் சாதாரணமானவர் அல்ல. ஹியுங்குக் லைஃப் பிங்க் ஸ்பைடர்ஸ் அணியின் கிம் யோன்-கூங், 2012 லண்டன் ஒலிம்பிக்கின் சிறந்த வீராங்கனை. துருக்கியில் பல ஆண்டுகள் ஆடி உலகப் பெயர் பெற்றவர். அதுதான் அவரது கடைசிப் பருவம் என்று அறிவித்திருந்தார். நாடே அவர் கோப்பையோடு விடைபெற வேண்டும் என்று காத்திருந்தது. ரெட் ஸ்பார்க்ஸோ 13 ஆண்டுகளுக்குப் பிறகு இறுதிச்சுற்றைப் பார்க்கிறது. அணியில் பாதிப்பேர் காயத்தோடு ஆடுகிறார்கள். மெகாவதிக்கே முழங்காலில் வலி.

முதல் இரண்டு ஆட்டங்களும் போயின. மூன்றாவதில் முதல் இரண்டு செட்டுகளையும் இழந்து, பிறகு மூன்றையும் வென்று மீண்டார்கள். நான்காவதும் ஐந்து செட் வரை போய் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2-2. ஏப்ரல் 8 அன்று ஐந்தாவது, கடைசி ஆட்டம். அதுவும் ஐந்து செட். ஐந்து செட்டுமே இரண்டிரண்டு புள்ளி இடைவெளியில்தான் முடிந்தன. கடைசி செட் 15-13. பிங்க் ஸ்பைடர்ஸ் வென்றது. கிம் யோன்-கூங் விரும்பியபடியே விடைபெற்றார். அந்தக் கடைசி மூன்று ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் மெகாவதி 35 புள்ளிகளுக்கு மேல் எடுத்திருந்தார். வலிக்கும் முழங்காலோடு, ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் எகிறிக் குதித்தவர் அவர்.

சில நாட்களில் அவர் நாடு திரும்பினார். ரெட் ஸ்பார்க்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்பியது. தாயாரின் உடல்நலம் கருதி அருகில் இருக்க வேண்டும் என்று அவர் மறுத்ததாகச் செய்திகள் வந்தன. ஒன்றரை லட்சம் டாலர் வாங்கிய இடம். அதை விட்டு வந்தவரைப் பற்றி நமது குழுக்களில் ஒரு காணொலியும் சுற்றியதாகத் தெரியவில்லை.

இனி அந்த இரண்டாவது கேள்வி.

இந்தோனேசிய முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நமது கரையோர ஊர்களைப் போல. மத்ஹபின் நூல்களை ஓதியவர்கள் என்ற முறையில் நாம் மழுப்பாமல் சொல்ல வேண்டியது இது: அந்நிய ஆண்கள் முன்னிலையில் ஒரு பெண்ணின் உடை பற்றி ஃபிக்ஹு நூல்கள் சொல்லும் அளவுகோலோடு ஒப்பிட்டால், உடலோடு ஒட்டிய விளையாட்டு உடை குறைபாடுடையதே. தலையை மறைத்துவிட்டால் எல்லாம் நிறைவேறிவிட்டது என்று சொல்லும் முதல் வகைக் குறிப்புக்காரர்கள் அவசரப்படுகிறார்கள். அவரைத் தூக்கி ‘தஃவாவின் முகம்’ ஆக்குவது, அவர் ஏற்றுக்கொள்ளாத ஒரு பொறுப்பை அவர் தலையில் வைப்பதாகும். நாளை அவர் ஹிஜாபைக் கழற்றினாலோ வேறு ஏதேனும் செய்தாலோ, இன்று மாஷா அல்லாஹ் சொன்ன அதே விரல்கள் என்ன எழுதும் என்று நமக்குத் தெரியாதா?

ஆனால் கடிந்து எழுதும் தரப்பாரிடம் நமக்கு வேறு கேள்வி இருக்கிறது. விளையாட்டே பெண்ணுக்கு ஆகாது என்கிறீர்களா, அல்லது இந்த வகையில் ஆகாது என்கிறீர்களா? முதலாவது என்றால், நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்த செய்தியை மதரஸா முதலாண்டு மாணவனும் அறிவான். இரண்டாவது என்றால், பெண்கள் மட்டும் ஆட, பெண்களே பயிற்றுவிக்க, பெண்களே பார்க்க ஒரு மைதானத்தை எந்த ஜமாஅத் கட்டித் தந்திருக்கிறது? திருமண மண்டபத்துக்கு நிலம் கிடைக்கிறது. வணிக வளாகத்துக்குக் கிடைக்கிறது. பள்ளிப்படிப்பு முடிவதற்குள்ளேயே நமது பெண்பிள்ளைகள் ஓடுவதை நிறுத்திவிடுகிறார்கள். நாற்பதில் சர்க்கரையும் மூட்டு வலியுமாக அவர்களை மருத்துவமனை வரிசையில் பார்க்கிறோம். மாற்று வழி எதையும் வைக்காத ஒருவர், ஜெம்பர் பெண்ணின் உடையை அளக்கும் முன் கொஞ்சம் நிதானிக்கலாம். மெகாவதிக்கு நாம் இங்கே ஃபத்வா வழங்கவில்லை. அவர் நம்மிடம் கேட்கவுமில்லை. அவர் ஊரில் ஆலிம்களுக்குப் பஞ்சமுமில்லை.

இந்தோனேசியாவில் ஹிஜாப் எப்போதும் இயல்பான ஒன்றாக இருந்தது என்று நினைப்பவர்களுக்காக ஒரு வரலாற்றுச் செய்தி. உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் அந்த நாட்டில், சுகார்த்தோ ஆட்சியில் 1982-ல் வந்த சீருடை விதி, அரசுப் பள்ளி மாணவிகள் ஜில்பாப் அணிய இடம் தரவில்லை. அணிந்து வந்த பெண்பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1991-ல்தான் விதி மாறியது. அதாவது மெகாவதியின் தாயாரின் தலைமுறை பள்ளிக்குப் போன காலத்தில், தலையை மறைப்பதா படிப்பதா என்று ஒரு மாணவி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பிறகு காற்று எதிர்த்திசையில் அடித்தது. மேற்குச் சுமத்ராவின் பாடாங் நகரில் ஓர் அரசுப் பள்ளி, கிறித்தவ மாணவியையும் ஜில்பாப் அணியச் சொன்னது 2021-ல் பெரும் சர்ச்சையானது. கட்டாயப்படுத்தவும் கூடாது, தடுக்கவும் கூடாது என்று மூன்று அமைச்சர்கள் சேர்ந்து ஆணை பிறப்பித்தார்கள். சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துச் செய்தது. 2024 ஆகஸ்டில் மறுபடியும் தலைகீழ்: சுதந்திர தினத்தில் கொடியேற்றும் மாணவர் படையில் ஹிஜாப் அணிந்த 18 பெண்கள், பதவியேற்பு நிகழ்ச்சியில் ஹிஜாப் இல்லாமல் நிறுத்தப்பட்டார்கள். நாடே கொதித்தது. ஆகஸ்ட் 17 அன்று அவர்கள் ஹிஜாபோடு கொடியேற்றினார்கள். முஸ்லிம் நாட்டிலேயே ஒரு பெண்ணின் தலைத்துணி இத்தனை கைகளில் மாறி மாறி இழுபடுகிறது என்றால், பிற நாடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வாலிபாலோடு இந்த இழுபறிக்கு நேரடித் தொடர்பு உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் துஆ அல்கபாஷி ஹிஜாப் அணிந்து கடற்கரை வாலிபால் ஆடினார். வலைக்கு ஒருபக்கம் அவர், மறுபக்கம் நீச்சலுடையில் ஜெர்மானிய வீராங்கனை என்று ஒரு படம் உலகெங்கும் பரவியது. இரு நாகரிகங்களின் மோதல் என்ற அளவுக்குத் தலைப்புகள் எழுதினார்கள். அந்தப் படத்தின் சட்டகத்துக்கு வெளியே ஒருவர் இருந்தார்: துஆவின் சொந்த அணித்தோழி நதா முஅவ்வழ். அவர் ஹிஜாப் அணிந்திருக்கவில்லை. முழுக்கைச் சட்டையும் நீளக் காலாடையும் அணிந்து, துஆ ஏற்றிக் கொடுத்த பந்தை அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு எகிப்துப் பெண்கள் ஆளுக்கொரு முடிவோடு ஒரே அணியில் ஆடினார்கள் என்ற செய்தி யாருக்கும் சுவைக்கவில்லை.

அதே துஆ 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். ஈஃபில் கோபுரத்தின் அடியில் அமைத்த அரங்கில், ஹிஜாபோடு. சர்வதேச விதி அவரை அனுமதித்தது. ஆனால் அந்த அரங்கு இருந்த நாட்டின் குடிமகளான ஒரு முஸ்லிம் வீராங்கனை, பிரான்ஸ் அணிக்காக ஹிஜாபோடு களமிறங்க முடியாது. அரசு அதை வெளிப்படையாக அறிவித்திருந்தது. பிரான்சில் கால்பந்து, கூடைப்பந்து, வாலிபால் கூட்டமைப்புகள் உள்நாட்டுப் போட்டிகளிலேயே தலைத்துணியைத் தடுத்திருக்கின்றன. கால்பந்துத் தடை செல்லும் என்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் எல்லா விளையாட்டுப் போட்டிகளுக்கும் இதை விரிவாக்கும் மசோதாவை செனட் நிறைவேற்றியது. மெகாவதி பிரான்சில் பிறந்து, இதே உயரமும் இதே கைவீச்சும் பெற்றிருந்தால், மாவட்ட அளவுப் போட்டியிலேயே அவரது ஆட்டம் முடிந்திருக்கக்கூடும்.

அப்படியானால் கொரியா நல்ல நாடு, பிரான்ஸ் கெட்ட நாடு என்று முடித்துவிடலாமா? அதற்கு முன் தேகு நகரத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். மெகாவதி ஆடிய தேஜோனிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் அருகில், தேஹியோன்-தொங் என்ற குடியிருப்புப் பகுதியில், பாகிஸ்தான், வங்கதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்து ஆய்வுப் படிப்பு படிக்கும் முஸ்லிம் மாணவர்கள் ஒரு வீட்டில் தொழுது வந்தார்கள். அந்த இடத்திலேயே சிறு பள்ளிவாசல் கட்ட முறைப்படி அனுமதியும் வாங்கினார்கள். அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் 2021 பிப்ரவரியில் உள்ளூர் நிர்வாகம் வேலையை நிறுத்தச் சொன்னது. மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வரை வென்றார்கள். அதற்குப் பிறகுதான் அது நடந்தது: கட்டுமான இடத்தின் வாசலில் பன்றித் தலைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். தொழுகைக்கு வருபவர்கள் மூக்கில் படும்படி பன்றிக்கறி சுட்டு விருந்து நடத்தினார்கள். தீர்ப்புக் கையில் இருந்தும் கட்டடம் எளிதில் எழவில்லை.

2022 இறுதியில் தேகுவில் பன்றித் தலை. 2023 இறுதியில் தேஜோன் அரங்கில் ஹிஜாப் பெண்ணின் பெயரைச் சொல்லி ஆரவாரம். ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவது ஆய்வாகாது. கொரியர்கள் இரட்டை வேடம் போடுகிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களது உள்ளத்தை நாம் பிளந்து பார்த்தவர்களல்லர். ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. மெகாவதி வேலைக்கு வந்தவர், வென்று தருபவர், ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுபவர். தேகு மாணவர்கள் தங்க வந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஐந்து வேளையும் கண்ணில் படுபவர்கள். விருந்தாளியின் தொப்பியைப் பாராட்டுபவர், அதே தொப்பியோடு ஒருவர் அண்டைவீட்டில் குடியேறினால் முகம் சுளிப்பது நமது தெருக்களுக்கும் புதிதல்ல. முஸ்லிம் என்று தெரிந்ததும் ‘வீடு வாடகைக்குப் போய்விட்டது’ என்று பதில் கேட்காத குடும்பம் நம்மில் குறைவு.

தேஜோன் அரங்கின் பார்வையாளர் பகுதியில் சிவப்பு வெள்ளைக் கொடியோடு திரண்டு வந்தவர்களையும் சொல்லியாக வேண்டும். வேலை அனுமதித் திட்டத்தின் கீழ் கொரியாவின் சிறு தொழிற்சாலைகளிலும் மீன்பிடிப் படகுகளிலும் உழைக்கும் இந்தோனேசியத் தொழிலாளர்கள் அவர்களில் பலர். கொரியர்கள் செய்ய விரும்பாத வேலைகளைச் செய்ய வந்தவர்கள். விடுமுறை நாளில் பேருந்து பிடித்து வந்து, தங்கள் நாட்டுப் பெண்ணின் பெயரைக் கொரியர்கள் உரக்கச் சொல்வதைக் கேட்டார்கள். வளைகுடாவில் உழைக்கும் நமது பிள்ளைகளுக்கு அந்த மகிழ்ச்சி என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு மறுநாள் தொழிற்சாலையில் ஜும்ஆவுக்கு நேரம் கிடைத்தது என்பது வேறு கணக்கு.

இடையில் ஒரு சிறு செய்தி. ரெட் ஸ்பார்க்ஸை நடத்துவது சிவப்பு ஜின்செங் விற்கும் நிறுவனம். அதன் தாய் நிறுவனம் கொரியாவின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனம். மெகாவதியின் ஜெம்பரோ புகையிலைக்குப் பேர்போன ஊர். அவரது உடையை அளந்த நமது நண்பர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முஸ்லிமின் தொழில் பற்றி மார்க்கம் கேட்கும் கேள்விகளில் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதும் ஒன்றல்லவா? பெண் என்று வந்துவிட்டால் நமது ஃபிக்ஹு முழுவதும் அரை மீட்டர் துணிக்குள் சுருங்கிவிடுகிறது. ஆண் விளையாட்டு வீரர்களின் சட்டையில் சூதாட்டச் செயலியின் பெயர் இருக்கும். அவர்கள் ஸஜ்தா செய்யும் படத்தை மட்டும் பகிர்வோம்.

தாயகத்தில் சில ஆட்டங்கள் ஆடிய பிறகு, மெகாவதி 2025-ல் துருக்கியின் மனிசா நகர அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். முதல்நிலை லீக் அல்ல, இரண்டாம் நிலை. கொரியாவில் இறுதிச்சுற்று ஆடியவர் இரண்டாம் நிலைக்கு இறங்குவதா என்று இந்தோனேசிய ரசிகர்கள் சிலர் வருந்தினார்கள். துருக்கி லீக் உலகின் வலுவான லீக்குகளில் ஒன்று. அங்கே மேலே ஏற இதுவும் ஒரு படி என்று பார்த்தவர்களும் உண்டு. முழங்கால் எப்படி ஒத்துழைக்கும் என்பதைப் பொறுத்ததாக இருந்தது அது.

உடை விஷயத்தில் துருக்கி அவருக்குக் கொரியாவைவிட எளிதாக இருந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். ஹிஜாப் அணிந்த பெண்கள் பல்கலைக்கழக வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நாடு அது; அரசு அலுவலகங்களில் தடை தளர்ந்ததே 2013-ல்தான். இன்று அங்கே மகளிர் வாலிபால் தேசிய அணிதான் நாட்டின் பெருமிதம். ‘வலையின் சுல்தான்கள்’ என்று அழைக்கப்படும் அந்த அணி 2023-ல் நேஷன்ஸ் லீக்கையும் ஐரோப்பியக் கோப்பையையும் ஒரே ஆண்டில் வென்றது. மதச்சார்பற்ற தரப்பு அந்த அணியைத் தன் கொடியாகத் தூக்கிக்கொள்கிறது. டோக்கியோ ஒலிம்பிக் நேரத்தில், அங்குள்ள பிரபலமான மார்க்கப் பேச்சாளர் ஒருவர் அந்த வீராங்கனைகளின் உடையை வைத்துச் சமூக ஊடகத்தில் கடிந்து எழுத, நாடே இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. ஒரு வாலிபால் ஆட்டத்தைப் பார்த்து நீ எந்தக் கட்சி என்று சொல்லக்கூடிய நாட்டில், கொரியாவில் வெறும் வியப்பாக இருந்த அந்தத் தலைத்துணிக்கு ஆளுக்கொரு அரசியல் பொருள் சொல்வார்கள். ஒரு தரப்பு கொண்டாடக் காத்திருக்கும். இன்னொரு தரப்பு முறைக்கும்.

மனிசா அணியின் ஒப்பந்தத்தில் அவரிடம் கேட்கப்பட்டிருந்தது என்னவோ, வலப்பக்க மூலையிலிருந்து எகிறி, எதிரணியின் கைகளைத் தாண்டிப் பந்தைத் தரையில் இறக்க வேண்டும் என்பதுதான்.